நீங்கள் கேட்டு வாங்கிய தமிழில் ஒரு மடல்

அமெரிக்க ராணுவத்தின் பணிவிடுவிப்பு மறுஆய்வு வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

குடிக்காக என்னை ராணுவத்திலிருந்து விடுவித்தபோது போட்ட தரத்தையும் காரணத்தையும் மாற்றுங்கள் என்ற இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, மறுஆய்வு கேட்கும் 293 ஆம் எண் படிவத்தோடு இணைத்து ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். உதவிய வக்கீல் நல்ல மனிதர். நான் எழுதிக் கொடுத்த பதினோரு பக்கத்தை மூன்று பக்கமாக்கினார். "கதை வேண்டாம், விதி எண்ணைச் சொல்லுங்கள், போதும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த மூன்று பக்கத்தைப் படித்தபோது யாரோ ஒருவருடைய வழக்கைப் படிப்பது போலிருந்தது. வெட்டிப்போட்ட எட்டுப் பக்கத்தில் இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. நீங்கள் என்னை எடுத்ததே இந்த மொழிக்காகத்தான். "நாட்டு நலனுக்கு இன்றியமையாதவர்கள்" என்ற பெயரில் 2009 இல் ஒரு திட்டம் கொண்டுவந்தீர்கள். சுருக்கமாக மாவ்னி என்பார்கள். பச்சை அட்டை இல்லாமல் படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்களும் குறிப்பிட்ட மொழிகள் தெரிந்திருந்தால் அப்போது ராணுவத்தில் சேர முடிந்தது, பயிற்சி முடியும்போதே குடியுரிமையும் கிடைத்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. மலையாளமும் சிங்களமும்கூட இருந்தன. ஓஹாயோவில் மெக்கானிக்கல் எம்.எஸ். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், விசா தேதியை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பட்டியலைக் காட்டியவன் அறைத்தோழன். விளையாட்டுக்குக் காட்டினான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மொழித் தேர்வு தொலைபேசியில் நடந்தது. மறுமுனையில் ஒரு பெண்மணி. முதலில் ஊரைப் பற்றிக் கேட்டார். நாமக்கல், அப்பாவுக்கு லாரிப் பட்டறை என்றேன். அப்புறம் "உங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் கலெக்டரிடம் எப்படி முறையிடுவீர்கள், பேசிக் காட்டுங்கள்" என்றார். பேசிக் காட்டினேன். தேறினேன். அதற்குப் பிறகு ராணுவத்தில் இருந்த 39 மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் ஒரு தமிழ் வார்த்தை கேட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வண்டி மெக்கானிக்குக்குத் தமிழ் எதற்கு? ஆனால் நாட்டு நலனுக்காக வாங்கி வைத்த சரக்கு அப்படியே கிடக்கிறதே என்று அவ்வப்போது தோன்றும். இன்றைக்கு அதைக் கொஞ்சம் செலவழிக்கிறேன். கலெக்டரிடம் முறையிடச் சொன்னீர்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறேன்.

என் கோப்பு உங்கள் மேசையில் இருக்கும். 2013 மே மாதம் சேர்ந்து, 2016 ஆகஸ்டில் வெளியேறினேன். சேர்ந்தது நான்கு வருட ஒப்பந்தத்தில். கையில் கொடுத்த டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றிதழின் அடியில் வரிசையாகச் சில கட்டங்கள். சேவையின் தன்மை: ஜெனரல், அதாவது "மதிப்புக்குரிய சூழலில்" விடுவிப்பு, முழு ஹானரபிள் இல்லை. பிரிவுக் குறியீடு, அதாவது எதற்காக அனுப்பினார்கள் என்பதன் சுருக்கம்: ஜே.பி.டி. மீண்டும் சேர்வதற்கான குறியீடு 4, அதாவது கதவு சாத்தியாகிவிட்டது. கடைசியாகக் காரணம் என்ற கட்டத்தில் மூன்று சொல்: ஆல்கஹால் ரீஹாபிலிட்டேஷன் ஃபெயிலியர். மதுச் சிகிச்சையில் தோல்வி.

உங்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை வீட்டுக்கு அனுப்பியது தவறு என்று நான் வாதாடவில்லை. என் கமாண்டர் கெட்டவரும் இல்லை. அவர் கையில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் ஒருவன் காலையில் கை நடுங்க வந்து ஆறு டன் வண்டிக்கு பிரேக் மாட்டினால் அவருக்குத் தூக்கம் வருமா? எனக்கே வராது. 2016 பிப்ரவரியில் ஒரு நாள் ஒரு டிரக்கின் பின் சக்கரத்தில் இரண்டு நட்டை நான் முறுக்காமல் விட்டுவிட்டேன். வண்டி பட்டறையை விட்டு வெளியே போவதற்குள் எங்கள் சார்ஜென்ட் பார்த்துவிட்டார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல், ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். இது என் கோப்பில் இல்லை. அவர் எழுதவில்லை. இப்போது நானாகத்தான் சொல்கிறேன். சொன்னால் என் வழக்குக்குக் கெடுதல் என்று வக்கீல் சொன்னார். ஆனால் நானாகச் சொன்னது என்ன ஆகும் என்பதுதான் இந்த மடலின் விஷயமே.

காந்தஹாரில் 2014 இல் ஒன்பது மாதம் இருந்தேன். மீட்பு வண்டிக் குழு. பழுதாகியோ வெடித்தோ வழியில் கிடக்கும் வண்டிகளை இழுத்து வருவது எங்கள் வேலை. இழுத்து வந்தால் முடிந்தது என்று நினைப்பார்கள். முடியாது. உள்ளே கழுவ வேண்டும். எம்ராப் என்ற கண்ணிவெடி தாங்கும் வண்டியின் தரையில் ரப்பர் விரிப்பு இருக்கும், அதன் அடியில் போல்ட் துளைகள் இருக்கும். தண்ணீர் எவ்வளவு பாய்ச்சினாலும் அந்தத் துளைகளில் தங்குவது தங்கிவிடும். பல் துலக்கும் பிரஷ் வைத்து எடுப்போம். இதற்குமேல் எழுதவில்லை.

அங்கே ஒரு சொட்டு மது கிடையாது. ஆப்கானிஸ்தானில் இருந்த படைகளுக்கு முதலாம் எண் பொது உத்தரவு அதைத் தடை செய்திருந்தது. எனக்கு அப்போது அது ஒரு பொருட்டே இல்லை. அதுவரை நான் குடித்ததெல்லாம் கல்லூரியில் நான்கைந்து பீர். திரும்பி வந்த பிறகு தூக்கம் போயிற்று. படுத்தால் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும். முதலில் இரண்டு பெக் போட்டால் தூங்கினேன். அப்புறம் அரைப் பாட்டில். 2015 கோடையில், காலை ஆறரை அணிவகுப்புக்கு முன்னாலேயே கொஞ்சம் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைமை. என் சித்தப்பாவை எனக்குத் தெரியும். டாஸ்மாக் கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் போய் நிற்பார். அவர் செத்தபோது எனக்கு வயது பத்தொன்பது. அந்த நடுக்கத்தை ஒருநாள் கண்ணாடியில் என் கையில் பார்த்தேன்.

அந்த அக்டோபரில் நானே நடந்து போய் முகாமில் இருந்த மதுச் சிகிச்சை அலுவலகத்தில் பதிந்துகொண்டேன். யாரும் அனுப்பவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபடவில்லை. அடிதடி இல்லை. கோர்ட் இல்லாமல் கமாண்டரே கொடுக்கும் 15 ஆம் பிரிவுத் தண்டனை என் மேல் ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை தாமதமாக வந்ததற்கு எழுத்தில் கண்டிப்பு, அவ்வளவுதான். ஆலோசகர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இங்கே சொல்வது உன்னைக் காப்பாற்றத்தான், உனக்கு எதிராக அல்ல" என்றார். சொன்னேன். எவ்வளவு, எப்போது, எங்கே ஒளித்து வைப்பேன், காலையில் எத்தனை மணிக்கு முதல் மடக்கு, எல்லாம். பிறந்தது முதல் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. எழுதிக்கொண்டார்.

சிகிச்சை என்பது வாரத்துக்கு இரண்டு குழுக் கூட்டம், ஒரு பயிற்சிப் புத்தகம். ஆறு மாதத்தில் ஆலோசகர் மூன்று முறை மாறினார். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தூக்கம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை; மனநலப் பிரிவு வேறு கட்டடம், வேறு கோப்பு. அந்தக் காலத்தில் மதுச் சிகிச்சை உங்கள் மருத்துவப் பிரிவின் கீழ் இல்லை, முகாம் நிர்வாகத்தின் கீழ் இருந்தது. 2016 அக்டோபரில்தான் அதை மருத்துவர்களிடம் ஒப்படைத்தீர்கள். நான் வெளியேறிச் சில வாரங்கள் கழித்து. குடிக்கும் ஆசையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு அமெரிக்க மருந்து ஆணையம் மதுச் சிகிச்சைக்கென ஒப்புதல் கொடுத்தது 1994 இல். இருபத்தோரு வருடம் கழித்துச் சிகிச்சைக்குப் போன எனக்கு அப்படி ஒரு மாத்திரை இருப்பதையே யாரும் சொல்லவில்லை. மூன்று வண்ணத்தில் அச்சடித்த புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். அதில் "என் தூண்டுதல்கள்" என்று ஒரு பக்கம். "தண்ணீர்ச் சத்தம்" என்று எழுதினேன். புத்தகத்தைத் திருப்பி வாங்கியவர் அந்தப் பக்கத்தில் சரி என்று டிக் போட்டிருந்தார்.

2016 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மறுபடியும் குடித்தேன். ஞாயிறும். திங்கட்கிழமை காலை யாருக்கும் தெரியாது. வாசனை இல்லை, தாமதமும் இல்லை. குழுக் கூட்டத்துக்குப் போய் நானே சொன்னேன். நேர்மைதான் முதல் படி என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்தது. இரண்டு வாரத்தில் கமாண்டரும் ஆலோசகரும் கூடிப் பேசி என்னைத் "தோல்வி" என்று அறிவித்தார்கள். ஆறு வருட சேவை முடியாதவனுக்கு விசாரணைக் குழு கேட்கும் உரிமை இல்லை. ராணுவ வக்கீலோடு இருபது நிமிடம் பேசினேன். அவர் பாவம், அன்றைக்கு வாசலில் இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். எதிர்வாக்குமூலம் எழுதாமல் கையெழுத்துப் போட்டேன். அவமானத்தில் இருப்பவனுக்குக் கையெழுத்துப் போடுவதைப் போல எளிதான காரியம் வேறில்லை. வெளியேறும் நாளில் காகிதக் கட்டைக் கொடுத்த எழுத்தர், "கவலைப்படாதே, ஆறு மாதத்தில் தானாக ஹானரபிளாக மாறிவிடும்" என்றார். படைவீரர் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக உலவும் பொய் அது. எதுவும் தானாக மாறாது. நானும் நம்பி, இரண்டு வருடம் சும்மா இருந்தேன்.

இனி விதி எண். வக்கீல் சந்தோஷப்படுவார்.

மது, போதைச் சிகிச்சை பற்றிய உங்கள் 600-85 ஆம் ஒழுங்குமுறையில் வரம்புக்குட்பட்ட பயன்பாடு என்று ஒரு கொள்கை இருக்கிறது. ஒரு வீரர் தானாக வந்து சிகிச்சையில் சேர்ந்தது, அங்கே தன் குடியைப் பற்றிச் சொன்னது, இவை பாதுகாக்கப்பட்ட சான்று. இவற்றை வைத்து அவரைப் பணியிலிருந்து அனுப்பலாம். ஆனால் அவர் சேவையின் தன்மையைக் குறைக்கக் கூடாது. அனுப்பும் கோப்பில் அரசுத் தரப்பே அந்தச் சான்றை முதலில் நுழைத்துவிட்டால், விடுவிப்பு ஹானரபிளாகத்தான் இருக்க வேண்டும். பணிவிடுவிப்பு பற்றிய 635-200 ஆம் ஒழுங்குமுறையின் ஒன்பதாம் அத்தியாயமும் இதையே சொல்கிறது. "கொடுக்கலாம்" என்று இல்லை, "வேண்டும்" என்றே இருக்கிறது. இது இளகிய மனசோடு எழுதிய விதி அல்ல. கணக்குப் போட்டு எழுதிய விதி. சொன்னால் அடிவிழும் என்றால் ஒருவனும் சொல்ல மாட்டான். சொல்லாதவன் கையில் ஸ்பேனர் இருக்கும், துப்பாக்கி இருக்கும், ஹெலிகாப்டர் இருக்கும்.

என் கோப்பின் நான்காம் பக்கத்தைத் திருப்புங்கள். சிகிச்சைச் சுருக்கம். "தினமும் காலை 5.40க்குக் குடிப்பதாக ஒப்புக்கொள்கிறார்." அது நான் ஆலோசகரிடம் சொன்னது. அடுத்த வரி: "ஏப்ரல் 16, 17 தேதிகளில் குடித்ததாகத் தானே தெரிவித்தார்." அதுவும் நான் சொன்னது. என்னைப் பற்றிய கோப்பில் குடி என்ற சொல் வரும் இடமெல்லாம் என் வாயிலிருந்து வந்தவை. வேறு ஒரு சாட்சி இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. அரசு அதிகாரிகள் முறைப்படிதான் செய்திருப்பார்கள் என்று அனுமானித்துக்கொண்டு நீங்கள் ஆரம்பிப்பீர்கள், அதை உடைப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. தெரியும். இங்கே உடைப்பதற்கு நான் வெளியிலிருந்து எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. அவர்கள் தைத்துக் கொடுத்த கோப்பே போதும்.

நீங்கள் இரண்டு கேள்வி கேட்பீர்கள்: விடுவிப்பு முறைப்படி நடந்ததா, நியாயமாக நடந்ததா? முறை பற்றிச் சொல்லிவிட்டேன். நியாயம் பற்றியும் உங்கள் சட்டத்திலேயே ஒரு நல்ல வாசகம் இருக்கிறது. ஒருவரை அனுப்பிய காலத்துக் கொள்கை பிறகு அவருக்குச் சாதகமாகப் பெரிதும் மாறியிருந்து, இன்றைய கொள்கைப்படி அதே முடிவு வந்திருக்குமா என்பது சந்தேகமானால், பழைய முடிவை நியாயமற்றதாகக் கருதலாம். 2019 மார்ச்சில் ராணுவமே ஓர் உத்தரவு போட்டது. குடிப்பிரச்சினை வெடிப்பதற்கு முன்னால் தானாக வருபவர், கமாண்டருக்குச் சொல்லாமலேயே, கட்டாயப் பதிவு இல்லாமலேயே மருத்துவரிடம் சிகிச்சை பெறலாம். 2015 இல் நான் செய்த அதே காரியம்! இன்றைக்கு ஒரு வீரர் அதே அக்டோபரில் அதே படியேறினால், கமாண்டரிடம் போகும் கோப்பே பிறந்திருக்காது.

மனக்காயம் பற்றியும் சொல்ல வேண்டும், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 இல் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில், ஜெனரல் விடுவிப்புக்குச் சிகிச்சை உண்டு என்பதால், போய் உட்கார்ந்தேன். அந்த டாக்டர் முதலில் கேட்டது தூக்கத்தைப் பற்றி. இரண்டாவது காந்தஹார். போர் மனஅதிர்ச்சி நோய் என்று எழுதினார். அந்த அறிக்கை இணைப்பில் இருக்கிறது. 2014 இல் பாதுகாப்புச் செயலர் ஹேகல், 2017 இல் கர்ட்டா, 2018 இல் வில்கி என அந்தத் துறையின் மூன்று பேர் எழுதிய குறிப்பாணைகளின்படி நீங்கள் இப்படிப்பட்ட வழக்குகளைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும். கர்ட்டாவின் நான்கு கேள்விக்கு என் பதில்: நோய் இருந்ததா, இருந்தது. பணியிலேயே வந்ததா, காந்தஹாரில் வந்தது. நடந்ததை அது விளக்குகிறதா? தண்ணீர்ச் சத்தம் கேட்காத இரவுகளில் நான் குடித்ததில்லை. குற்றத்தைவிட அது கனமானதா என்பது நான்காவது. என்ன குற்றம் என்று முதலில் சொல்லுங்கள், எடை போட்டுப் பார்க்கலாம்.

ஏனென்றால் எனக்குப் புரியாத இடம் அதுதான். காரணக் கட்டத்தில் இருக்கும் "தோல்வி" என்ற சொல் யாருடைய தோல்வியைக் குறிக்கிறது? சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரை குறையவில்லை என்றால் மருந்தை மாற்றுவார்கள். அப்படியும் குறையாமல் படைக்கு ஆகாதவராகிவிட்டால் மருத்துவக் காரணம் போட்டு அனுப்புவார்கள். அவர் காகிதத்தில் "இன்சுலின் தோல்வி" என்று அடிப்பதில்லை. குடிப்பழக்கம் நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956 இலேயே சொல்லிவிட்டது. தமிழிலும் எங்களுக்கு இரண்டு சொல் இருக்கிறது. குடிகாரன் என்பது தெரு வைத்த பெயர். என் சித்தப்பா அந்தப் பெயரோடுதான் போனார். குடிநோயாளி என்பது பிறகு சிகிச்சை மையங்களிலிருந்து வந்த சொல். அது என் அம்மா வாய்க்கு இன்னும் பழகவில்லை. உங்கள் ராணுவத்துக்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

இந்தக் குழப்பம் உங்களுக்குப் புதிதில்லை. 1988 இல் உங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ட்ரெய்னர் என்ற முன்னாள் வீரரும் மெக்கெல்வி என்ற இன்னொருவரும் போனார்கள். இருவரும் ஹானரபிளாக வெளிவந்தவர்கள். குடியிலேயே காலம் போனதால் கல்விச் சலுகைக்கான கெடு முடிந்துவிட்டது. குடியிலிருந்து மீண்ட பிறகு, நோயாக இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். படைவீரர் நல நிர்வாகம், வேறு மனநோய் காரணமாக வராத குடி "வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனம்" என்றது. நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது: அந்தக் கெடு நீட்டிப்புக்கு, நாள்பட்ட குடியால் வரும் இயலாமையை வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனமாகக் கருதக் கூடாது. நீதிபதிகள் ஏழு பேர் பிரிந்து நின்ற கேள்விக்குச் சட்டசபை சில மாதத்தில் பதில் சொல்லிவிட்டது. அதற்கும் பதினேழு வருடம் முன்னால், 1971 இல், படையில் மதுவுக்கோ போதைக்கோ அடிமையானவர்களைக் கண்டறிந்து சிகிச்சை தர வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்தக் காலத்தில் செனட்டில் குடிநோய்க்காகக் குரல் கொடுத்தவர் அயோவாவின் ஹெரால்ட் ஹியூஸ். இரண்டாம் உலகப் போரில் உங்கள் ராணுவத்தில் இருந்தவர். அவரும் குடிநோயாளி, மீண்டவர், அதை மேடையிலேயே சொன்னவர். அவர் தானாகச் சொன்னதற்காக யாரும் அவருடைய காகிதத்தில் எதுவும் அடிக்கவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஜெனரலுக்கும் ஹானரபிளுக்கும் இடையில் ஒரு சொல்தானே வித்தியாசம், இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். கணக்குச் சொல்கிறேன். 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில் கல்விச் சலுகைக்கு 36 மாத சேவை இருந்தால் முழுத்தொகை. நான் 39 மாதம். ஆனால் விடுவிப்பு ஹானரபிளாக இருக்க வேண்டும். இப்போது நான் ஒரு நகரப் பேருந்துப் பணிமனையில் டீசல் மெக்கானிக். அடுத்த சில வருடங்களில் அங்கே வரப்போவது பெரும்பாலும் மின்சாரப் பேருந்து. உயரழுத்த பேட்டரிப் படிப்புக்குச் சொந்தக் காசு கட்டி, ஒரு பருவத்துக்கு ஒரு பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்து மேசையில் படிக்கும் பையன், என்னைவிட ஒரு வருடம் குறைவாகச் சேவை செய்தவன், அந்தச் சலுகையில் படிக்கிறான். அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அப்புறம் அந்த மூன்று சொல். வேலைக்குப் போகும்போது டிடி 214 இன் நான்காம் பிரதியைக் கேட்பார்கள். காரணக் கட்டம் இருப்பது அதில்தான். ஒரு நேர்காணலில் ஓர் அம்மாள் அதைப் படித்துவிட்டு, காகிதத்தை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். கோபமாகப் பேசவில்லை. "வண்டிகள் சம்பந்தப்பட்ட வேலை, பாருங்கள்" என்றார். அப்போது நான் குடியை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சொல்லலாமா என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். தானாகச் சொல்வதில் எனக்கு அனுபவம் இருக்கிறது.

இன்னொன்று, இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. பயிற்சி முடிந்த வாரத்தில் முகாம் மைதானத்திலேயே கையை உயர்த்திக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். ராணுவச் சேவை மூலம் கிடைத்த குடியுரிமையை, ஐந்து வருட மதிப்பான சேவை முடிவதற்குள் மதிப்பற்ற சூழலில் விடுவிக்கப்பட்டால், ரத்து செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஜெனரல் அந்த வரம்புக்குள் வராது. ஒரு படி கீழே இறங்கியிருந்தால் வந்திருக்கும். மற்றவர்களுக்கு விடுவிப்பில் ஒரு படி குறைந்தால் சலுகை போகும். எங்களைப் போல மாவ்னியில் வந்தவர்களுக்கு நாடே போகலாம். 2016 மே முதல் ஆகஸ்ட் வரை கமாண்டர் எதைச் சிபாரிசு செய்வார் என்று தெரியாமல் இருந்த அந்த மூன்று மாதத்தில் நான் குடித்த அளவு, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் குடித்ததைவிட அதிகம். என்னைக் குணப்படுத்தச் சேர்த்த திட்டத்தின் கடைசிக் கட்டம் அது.

2018 நவம்பருக்குப் பிறகு குடிக்கவில்லை. மாத்திரை ஒன்றரை வருடம் எடுத்தேன். தூக்கத்துக்கான சிகிச்சை தனி. வாரத்துக்கு ஒரு கூட்டம் இன்னும் போகிறேன். அங்கே ஆறு பேரில் நான்கு பேர் முன்னாள் வீரர்கள். கூட்டத்திலிருந்து ஒருவர், பணிமனை மேற்பார்வையாளர், அப்புறம் அந்தப் பழைய சார்ஜென்ட், மூவரும் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜென்ட்டைத் தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆயிற்று. தொலைபேசியில் முதலில் கேட்டது, "நட்டை எல்லாம் முறுக்குகிறாயா?" என்று. அவர் மறக்கவில்லை. கடிதத்தில் மட்டும் அதை எழுதவில்லை.

அம்மாவிடம் 2016 இல் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று சொன்னேன். போன வருடம் ஊருக்குப் போனபோது உண்மையைச் சொன்னேன். சித்தப்பா படம் மாட்டியிருக்கும் அறையில்தான் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நீயாப் போய்ச் சொன்னேங்கற. அதுக்கா கண்ணு காகிதத்துல அப்படி எழுதுனாங்க?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். "அப்ப சொல்லாம இருந்திருந்தா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் கேட்பது இது. சேவையின் தன்மையை ஹானரபிள் என்று மாற்றுங்கள். காரணக் கட்டத்தில் அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டு, இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாகப் போடும் "செயலரின் அதிகாரம்" என்பதைப் போடுங்கள். பிரிவுக் குறியீடும் அதற்கேற்ப ஜே.எஃப்.எஃப். ஆகட்டும். மீண்டும் சேரும் குறியீட்டைப் பற்றிக் கவலையில்லை. என் முழங்கால் இரண்டும் போய்விட்டன, நீங்கள் கூப்பிட்டாலும் வர மாட்டேன்.

கோப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் நேரில் கேட்க வேண்டும் என்று படிவத்தில் குறித்திருக்கிறேன். வீடியோ வழியாக என்றாலும் சரிதான். பணிமனையில் எனக்கு இந்த மாதம் இரவு ஷிப்ட், காலை ஆறு மணிக்கு முடியும். எந்த நேரம் வைத்தாலும் விழித்திருப்பேன். ஒரு வாரம் முன்னால் தெரிவித்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி வைக்க வசதியாக இருக்கும். நான்காம் பக்கத்தைத் தயவுசெய்து முன்கூட்டியே படித்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்பெஷலிஸ்ட், வாகன மெக்கானிக்
(பெயர் உங்கள் கோப்பில் இருக்கிறது)